ஊறுகாய் ஜாடியும் நோபல் பரிசும்

கேள்வி: பௌதிக ரசாயனத்தைப் பிராணி சாஸ்திர மாணவர் தலையில் ஏன் கட்டுகிறார்கள்?

பதில்: தலை இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான்.

கேள்வி: சவ்வூடு பரவல் என்றால் என்ன? குறிப்புநூலைப் பலமுறை வாசித்தும் விளங்கவில்லை.

பதில்: குறிப்புநூலை விடுத்து, வீட்டு ஊறுகாய் ஜாடியைத் திறந்து பாருங்கள். மாசி மாதத்தில் என் பாட்டி, ஈரம் துடைத்த பீங்கான் ஜாடியில் வடுமாங்காயையும் கல்லுப்பையும் மாற்றி மாற்றிப் போட்டு வேடு கட்டி வைப்பாள். மூன்றாம் நாள் அவிழ்த்தால், எவரும் வார்க்காத நீரில் வடுக்கள் தோல் சுருங்கி ஊறிக் கிடக்கும். வெளியே உப்பு மிகுந்திருக்கவே, காய்க்குள் இருந்த நீர் சவ்வுகளைக் கடந்து அதை நாடி வந்துவிட்டது, விஷயம் அவ்வளவுதான். இதே விந்தையை ஜெர்மானியத் தாவர சாஸ்திரி பெஃபர், மண்கலத்தின் நுண்துளைகளில் செயற்கைச் சவ்வொன்றைப் படியவைத்து, உள்ளே சர்க்கரைக் கரைசலை ஊற்றி, அதன் அழுத்தத்தை அளந்து, 1877-ல் நூலாக வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாமில் டி விரீஸ் என்ற மற்றொரு தாவர சாஸ்திரி அந்த அளவுகளைத் தம் சகாவான வான்ட் ஹாஃபின் காதில் போட்டுவைக்க, அந்த ரசாயனி, நீர்த்த கரைசலின் அழுத்தமும் வாயுக்களின் விதியையே அனுசரிக்கிறதென்று கண்டு, இதற்கும் ரசாயன மாற்றங்களின் வேகத்தை ஆராய்ந்ததற்குமாக, 1901-ல் ரசாயனத்துக்கு வழங்கப்பெற்ற முதல் நோபல் பரிசையே பெற்றார். செடியோடு மன்றாடியவர் இருவர், பரிசோ ரசாயனிக்கு! என் பாட்டியை எவரும் சிபாரிசு செய்யவில்லை.

கேள்வி: பி.எச். அளவையை வகுத்தவர் யார்?

பதில்: சோரன்சென், 1909-ல், கோப்பன்ஹேகனில், ஒரு பீர் ஆலையின் உபயமாகத் தோன்றிய கார்ல்ஸ்பர்க் ஆராய்ச்சிசாலையில். மதுவிலக்குக் கமிட்டியாரிடம் சொல்லிவிடாதீர்கள், பாடத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: காய்ச்சலில் கிடந்த என் தங்கைக்கு ஆஸ்பத்திரியில் உப்புநீர் ஏற்றினார்கள். சுத்த ஜலம் இதைவிட மேலல்லவா?

பதில்: இதற்கு விளையாட்டாக விடை சொல்ல மனம் வரவில்லை. சுத்த ஜலத்தை நேரே ரத்தத்தில் ஏற்றினால், சிவப்பணுக்கள் அதை உள்ளே இழுத்து வீங்கி வெடித்துவிடும். உப்பு மிகுந்தாலோ, பாட்டியின் வடுமாங்காய்போலச் சுருங்கிவிடும். 100 மில்லிலிட்டருக்கு 0.9 கிராம் உப்பு என்பது, அணு வீங்காமலும் சுருங்காமலும் இருக்கும் அளவு. டாக்டர் செய்தது சரியே. தங்கைக்குத் தேகம் தேறிவிட்டதா என்று ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.