விருப்பத்தை வரவழைப்பது எப்படி?

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எச்.ஆர். நாற்காலி கிடைத்திருக்கிறதா? வாழ்த்துகள். இந்நேரம் மேலிடத்திலிருந்து சேதி வந்திருக்கும்: மாதக் கடைசிக்குள் 80 நிரந்தரத் தொழிலாளர்கள் தாங்களாகவே ஆசைப்பட்டு வேலையை விட வேண்டும்.

முதலில் நாக்கைக் கட்டுங்கள். 'ஆட்குறைப்பு' என்று சொல்லிவிட்டால் தொழிலாளர் சட்டம் வரிந்துகட்டிக்கொண்டு வரும். ஒரு வருட சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம், நோட்டீஸ், 300 பேர் வேலை செய்தால் அரசின் முன் அனுமதி. (1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் அது 100 பேராக இருந்தது. 2020-இல் நிறைவேறிய புதிய சட்டத்தொகுப்பு அந்த 100-ஐ 300 ஆக்கியது. உங்கள் மேலிடம் அன்றே இனிப்பு வழங்கியிருக்கும்.) எல்லாவற்றுக்கும் மேல், கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். அந்தப் பையனுக்குச் சம்பளமும் குறைவு, முதுகும் நேராக இருக்கிறது. நமக்குப் போக வேண்டியவர் 20 வருட சர்வீஸ்காரர். ஆகவே, வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு.

விருப்பம் தானாக ஊறாது. கொஞ்சம் உதவ வேண்டும். பிஸ்டன் லைனில் நின்றவரை ஸ்டோர்ஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள். ஓவர்டைமை நிறுத்துங்கள். கம்பெனிக்கு பந்த்நகரில் ஒரு யூனிட் இருந்தால் மாற்றல் உத்தரவு தயாராகட்டும். உத்தராகண்டின் குளிரைப் பற்றி யாராவது கேன்டீனில் பேசினால் போதும்.

இனி கணக்கு. வித்தையெல்லாம் இங்கேதான். 'வருடத்துக்கு 45 நாள் சம்பளம்' என்று நோட்டீஸ் ஒட்டுங்கள். எந்தச் சம்பளம் என்று எழுதாதீர்கள். ஒருவருக்கு மொத்தச் சம்பளம் 42,000, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தை 26-ஆல் வகுத்தால் 20 வருடத்துக்குச் சுமார் 14.5 லட்சம். பேசிக்கும் டி.ஏ.வும் மட்டும் எடுத்து 30-ஆல் வகுத்தால் 5.4 லட்சம். இரண்டுமே 45 நாள்தான்! தொகை சிறுத்துத் தெரிகிறதா? கிராஜுவிட்டி, பி.எஃப்., லீவுக் காசு எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுங்கள். அவருக்கு எப்படியும் சேர வேண்டிய பணம்தான். இருக்கட்டுமே, கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவரை யார் பில் கேட்டார்கள்?

சங்கத்துச் செயலாளர் கேட்பார். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடியபோது 2022-இல் வருடத்துக்கு 115 நாளில் தொடங்கிய இழப்பீட்டுப் பேச்சு, அதுவும் மொத்தச் சம்பளத்தில், 130 நாள் வரை ஏறிய கதையைச் சொல்வார். "சார், அவங்களுக்குப் பாகம் செஞ்சு கொடுத்தது நாங்கதானே?" என்பார். அப்போது ஜன்னலைப் பாருங்கள். டீ சொல்லுங்கள். அவர் கேட்பது நியாயம்தான். அதனால்தான் பதில் சொல்லக் கூடாது.

வருமான வரி விதியையும் மறக்காதீர்கள். 10 வருட சர்வீஸோ 40 வயதோ ஆனவருக்கு 5 லட்சம் வரை வரி இல்லை என்று பெருந்தன்மையோடு அறிவிக்கலாம். அதே விதி, காலியான இடத்தை நிரப்பக் கூடாது என்றும் சொல்கிறது. நாம் எங்கே நிரப்புகிறோம்? ஓர் அப்ரண்டிஸ் அங்கே நின்று மூன்று ஷிப்டும் வேலை கற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான்.

கடைசியாகக் கடிதம். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற வரியை அவரே கைப்பட எழுத வேண்டும். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதலாம், தப்பில்லை. 'விறுப்பம்' என்று எழுதினால் திருத்தாதீர்கள். நாளை லேபர் கோர்ட்டில் அது அவர் எழுத்துதான் என்பதற்கு அந்தப் பிழையே சாட்சி. 'வெறுப்பு' என்று எழுதிவிட்டால் மட்டும் வேறு தாள் கொடுங்கள்.