கறி தோசையும் ஜிகர்தண்டாவும்

கேள்வி: ராத்திரி பத்து மணிக்குச் சிம்மக்கல்லில் கறி தோசை, அப்படியே விளக்குத்தூண் பக்கம் போய் ஒரு ஜிகர்தண்டா. இதற்கு ஆயுர்வேதம் என்ன சொல்கிறது?
– வாசகர், சிம்மக்கல், மதுரை

பதில்: அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. கறி தோசையே மூன்று மாடிக் கட்டடம்! அதன்மேல் பால், பாதாம் பிசின், ஐஸ்கிரீம் என்று நாலாவது மாடி எழுப்பினால் அஸ்திவாரம் என்ன ஆகும்?

செரிக்கும் சக்தியை ஆயுர்வேதம் 'அக்னி' என்கிறது. கனமான உணவும் குளிர்ந்த உணவும் அதை மந்தமாக்கும். ராத்திரியில் இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்' வயிற்றை 4 பங்காகப் பிரிக்கிறது: 2 பங்கு உணவுக்கு, 1 பங்கு நீருக்கு, மீதி 1 பங்கு காலியாக இருக்க வேண்டும். நம்மவர்கள் அந்தக் காலி மனையையும் விட்டுவைப்பதில்லை! வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தின் 10 குறள்களில் 6-ஐச் சாப்பாட்டுக்கே ஒதுக்கினார். முன்பு உண்டது செரித்த பிறகே அடுத்ததைத் தொடு என்பதுதான் சாரம்.

இரண்டையும் விட வேண்டாம். கறி தோசையை இரவு ஏழு மணிக்கே முடியுங்கள். ஜிகர்தண்டாவை மறுநாள் பிற்பகல் வெயிலில் குடியுங்கள். எதைச் சாப்பிட்டாலும் கடிகாரத்தை மட்டும் கேட்காதீர்கள், பசியையும் கேளுங்கள்.