கல்வித் தகைமை: கரைவலை

பெற்றோர் தொழில் பகிர்வுப் படிவத்தை வரைந்த கல்வி அதிகாரி ஐயா அவர்களுக்கு,

திருகோணமலைத் துறைமுகக் கரையிலிருந்து, நாலாம் தரத்துப் பிள்ளை ஒன்றின் தகப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

பெற்றோர் தங்கள் தொழில் அறிவைப் பிள்ளைகளுக்கு வந்து சொல்லலாம் என்ற படிவம் கிடைத்தது. 'உயர் கல்வித் தகைமை', 'வகிக்கும் பதவி', 'நிறுவனம்' என்று மூன்று கோடு. பதவிக்குக் கரைவலையில் கயிறு இழுப்பவன் என்றும், நிறுவனத்துக்குக் கொட்டியாரக் குடா என்றும் எழுதினேன். 'பூரணமற்றது' என்று திரும்பி வந்தது. பிழை என்னுடையதுதான். குடாவிடம் றப்பர் முத்திரை வாங்கிக் குத்தியிருக்க வேண்டும்.

நிகழ்ச்சி வெகு சிறப்பு. வங்கிக்காரர் உண்டியல் கொடுத்தார். டாக்டர் கை கழுவச் சொன்னார். பொறியியலாளர் கிண்ணியாப் பாலத்தைத் திரையில் காட்டி, நீளம் 396 மீற்றர், திறந்தது 2009 ஒக்டோபர் என்றார். பாலம் வருமுன் அந்தத் துறையில் பாதைப் படகில் வேலை செய்த மனிசன் ஒருவர், தண்ணீர் எந்த நேரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், பேரனின் தண்ணீர்ப் போத்தலோடு படலையடியில் நின்றார். அவரை உள்ளே விடாதது நியாயம். அவரிடம் பவர்பொயின்ற் இல்லை.

எங்கள் வலையை வழிநடத்தும் மண்டாடியைக் கூப்பிடாததற்கு இன்னும் ஒருபடி மேலே நன்றி. அவர் ஆபத்தான ஆள். மகாவலித் தண்ணீர் குடாவில் கலக்கிற இடத்தையும், தெளிந்த நீரில் மீன் கூட்டம் கறுத்துத் தெரிகிற இடத்தையும் கரையில் நின்றே பிரித்துச் சொல்வார். அவர் கை காட்டினால்தான் தோணி வலையை வளைத்துப் போடும்; இரண்டு கரைக்கயிற்றிலும் ஆட்கள் சரிசமமாக இழுத்து வர, வலையின் மடி கரைக்கு வரும். ஒரு பக்கம் முந்தினால் மீன் மற்றப் பக்கத்தால் போய்விடும். இதையெல்லாம் கேட்ட பிள்ளை யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கும். பார்த்தால் சுற்றாடல் பாடப் புத்தகத்தை யார் பார்ப்பது? அதிலே மீனவர் சிரித்தபடி நிற்கிறார். பிள்ளைகள் அவருக்கு நிறம் தீட்டிப் புள்ளி எடுக்கிறார்கள். அசல் மீனவன் உள்ளே வந்தால் படத்தில் போல இல்லை என்று புள்ளி குறையும்.

பின்னக் கணக்கும் அப்படித்தான். செலவு கழித்து, வலைக்காரர் பங்கு எடுத்து, மிச்சத்தை இழுத்த கைகளுக்குப் பிரிக்கிற கணக்கைக் கடற்கரையில் எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் பிழையின்றிப் போடுகிறார். அது ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு வராது. கருவாடு போடும் அம்மாமார் எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு என்று கை அளவில் சொல்வார்கள். கையளவுக்கு வெட்டுப்புள்ளி கிடையாது.

ஒரு சந்தேகம் மட்டும், கோபிக்க வேண்டாம். 1972 கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடம் என்று ஒன்றை வைத்து, அந்தந்த ஊர்த் தொழிலை ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கச் சொன்னது இதே நாட்டு அரசாங்கம்தானே? 1977இல் ஆட்சி மாறியதோடு அதைக் கைவிட்டதும் இதே நாட்டு அரசாங்கம்தானே? பாடத்தை எடுத்தவர்களிடம் கோபமில்லை. எங்கள் பிள்ளைகள் மீன்பிடிக்கத்தான் வேண்டும் என்று நேர்த்தியும் வைக்கவில்லை. டாக்டராகட்டும். தகப்பன் செய்கிறது வேலைதான், வெட்கமில்லை என்று தெரிந்துகொண்டு ஆகட்டும்.

பாடசாலை எங்களை மறந்துவிட்டது என்று சொன்னால் நாக்கு அழுகும். சிரமதானம் வந்தால் முதல் கடிதம் எங்களுக்குத்தான் வருகிறது. மதில் விழுந்தாலும், மேசை கதிரை ஏற்றினாலும், புல்லு வளர்ந்தாலும் எங்கள் தொழில் அறிவு உடனே ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது தகைமை கேட்கும் படிவம் இல்லை. மண்வெட்டி கொண்டு வரவும் என்று மட்டும் இருக்கும்.

வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நாங்கள் கரையில் வலை பொத்திக்கொண்டுதான் இருக்கிறோம். அதில் ஒரு நாள், ஒரு பாடவேளை தாருங்கள். கொடுப்பனவு வேண்டாம். வலை, ஊசி, நூல் நாங்களே கொண்டு வருகிறோம். மண்டாடி வெள்ளைச் சேட்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
படிவம் பூரணமற்ற ஒரு தகப்பன்