முதல் ரீல் இல்லாதவர்

மௌனப் பட ரீல்களைச் சேர்க்கும் அமெரிக்கர்களில் இவர் தனி ரகம். சாப்ளின் என்றால் கொட்டாவி விடுவார். பஸ்டர் கீட்டன் பசுமாட்டோடு நடித்த ‘கோ வெஸ்ட்’ (1925) பிரமாதம் என்று சொல்லிப் பாருங்கள், “அதைத்தான் ஊரே பார்த்தாச்சே!” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊர் பார்த்த படம் அவருக்கு எச்சில் இலை.

அவர் உயிரை விடுவது ஊர் மறந்த கௌபாய்க் கோமாளிகளுக்காக. 1910களின் தொடக்கத்தில் எஸ்ஸனே நிறுவனப் படங்களில் அகஸ்டஸ் கார்னி ‘ஆல்கலி ஐக்’ என்ற அசட்டுக் கௌபாயாக வந்து சக்கைப்போடு போட்டார். அவர் சாயலில் பொம்மைகூட விற்றது. இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் நீங்கள் விழிக்க வேண்டும். நீங்கள் விழித்தால்தான் நம்மவருக்குத் தூக்கம் வரும்.

விறைப்பான கௌபாய் நாயகன் வில்லியம் எஸ். ஹார்ட்டை ‘தி ஃப்ரோசன் நார்த்’ (1922) படத்தில் கீட்டன் நக்கலடிக்க, ஹார்ட் கோபித்துக்கொண்டார். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நம்மவர் மட்டும் இன்னும் கீட்டன் கட்சியில் நின்று வாதாடுகிறார்.

நிலவறையில் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை குப்பென்று அடிக்கும். அசிட்டேட் ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மூக்கை நுழைத்து, “இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்” என்று ஜோசியம் சொல்வார். முதல் ரீல் கிடையாது. படம் துரத்தலில்தான் தொடங்கும். யார், யாரை, ஏன் துரத்துகிறார்கள் என்றால், “அதுதானே சுவாரஸ்யம்!”

அந்த மூக்குக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2013 ஆய்வுப்படி, அந்நாட்டின் ஏறக்குறைய 11,000 மௌன முழுநீளப் படங்களில் மூல 35 மி.மீ. வடிவில் முழுமையாக மிஞ்சியவை 14 சதவீதமே. நைட்ரேட் ஃபிலிம் எரிந்தது, மக்கியது. ஸ்டூடியோக்களே பலவற்றை அழித்தன. வீட்டில் போட்டுப் பார்க்க விற்ற 16 மி.மீ. பிரதிகளில் சில படங்கள் தப்பின. அவற்றைக் கட்டிக் காத்ததில் இந்த மாதிரி ஆசாமிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த நூலகம் 2012இல் வர்ஜீனியாவின் கல்பெப்பரில் ‘மோஸ்ட்லி லாஸ்ட்’ என்ற கூட்டத்தைத் தொடங்கியது. பெயர் தெரியாத படங்களை ஓட்டுவார்கள்; அடையாளம் தெரிந்தவர் கத்தலாம். மௌனம் படத்துக்கு மட்டும்தான். நம்மவர் நாயகனைப் பார்க்கமாட்டார். பின்னாலிருக்கும் மலையையும் காரின் நம்பர் பிளேட்டையும் பார்த்து, ஊரையும் ஆண்டையும் கூவுவார். கைதட்டல் அடங்கியதும், “காமெடி எப்படி?” என்று கேளுங்கள்.

“காமெடியா? மலையை மறைச்சுக்கிட்டு ஒருத்தன் விழுந்து விழுந்து எழுந்தானே, அதுவா?”