விரதம் அவருக்கு, வேலை எனக்கு

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு மலை என்பது கேள்வி ஞானம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூட நோட்டில் இரண்டு முக்கோணம் போட்டு நடுவில் சூரியனைச் செருகுவது யாரோ சொல்லிக்கொடுத்ததுதான்; பார்த்து வரைந்ததில்லை. பக்கத்தில் மலை என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பது சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, தமிழ் வருஷத்துக்கு ஒன்றாக 60 படி. பெரிய கோயில் விமானம் 216 அடி என்றாலும் புறாவைத் தவிர யாரும் அதில் ஏறுவதில்லை. மண்ணைக் குவித்தால் வரப்பு, இன்னும் கொஞ்சம் குவித்தால் ஆற்றங்கரை. அதற்கு மேல் எங்களுக்கு உயரம் பழக்கமில்லை.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து கார்த்திகை பிறந்தால் வேன் வேனாக ஆண்பிள்ளைகள் சபரிமலைக்குக் கிளம்புகிறார்கள். அம்மாபேட்டைப் பக்கம் எங்கள் சின்ன ஊரில் மட்டும் மூன்று குழு. என் வீட்டுக்காரர் இருப்பது நடுத்தெருக் குழு. கல்யாணமான வருஷமே மாலை போட்டுக்கொண்டு போனவர். அதற்குப் பிறகு ஒரு கார்த்திகையிலும் அவரை நான் வெள்ளை வேட்டியில் பார்த்ததில்லை.

என் மகள் கனடாவில் கால்கரி நகரத்தில் இருக்கிறாள். ஆபீஸ்காரர்களோடு ஸ்கீ கிளப்பில் சேர்ந்திருக்கிறாளாம். பனிக்காலம் வந்தால் விடியற்காலையில் பஸ் பிடித்து பான்ஃப் மலைக்குப் போவது, அதற்கென்று தனி உடுப்பு, தனிச் செருப்பு, கையில் கோல், திரும்பி வந்து எல்லோரும் கூடிச் சாப்பிடுவது. “வருஷா வருஷம் ஒரே மலைக்கா போவீங்க?” என்று கேட்டேன். “ஆமாம்மா, ஆளுங்கதான் முக்கியம்” என்றாள். அப்பாவின் பெண் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே மேலே ஏற நாற்காலி இழுத்துக்கொண்டு போகிறது, இறங்குவதற்குத்தான் கிளப். இங்கே ஏறுவதற்குச் சரணம், இறங்குவதற்கு அவரவர் முழங்கால்.

எங்கள் சீசன் நவம்பர் 16 அல்லது 17ல், கார்த்திகை முதல் தேதி தொடங்கும். கழுத்தில் துளசி மாலை விழுந்த நிமிஷத்திலிருந்து வீட்டுக்கே விரதம். மீன்காரம்மா எங்கள் வாசலைத் தாண்டும்போது குரலைத் தணித்துக்கொள்வாள். பூனை மாலை போடாமலே 41 நாள் விரதம் இருக்கும். இவர் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார்; அதைத் தெருவே மெச்சும். அவருக்கு முன்னால் எழுந்து அதே பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு அடுப்புப் பற்றவைக்கிறவளை மெச்சுவதற்குத் தெருவில் ஆள் கிடையாது. அவர் தலையணை இல்லாமல் தூங்குவார். நான் தூக்கம் இல்லாமல் தலையணையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பேச்சும் மாறிவிடும். மாலை போட்டவர் எல்லோரும் சாமி. ‘என்னங்க’ என்று கூப்பிட்ட வாய் ‘சாமி’ என்று கூப்பிட வேண்டும். கோபம் வந்தாலும் “சாமி, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா சாமி” என்றுதான் கேட்க முடியும். அப்படிக் கேட்டால் பாதிக் கோபம் வழியிலேயே கரைந்துபோகும். ஐயப்பன் விவரமானவர்.

குழுவை நடத்திக்கொண்டு போகும் குருசாமி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் கம்பத்தில் ஏறியவருக்குக் கரிமலை ஒரு பொருட்டில்லை. மற்றவர்களுக்கு அவர் வைக்கும் பயிற்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவாமிமலை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருச்சி மலைக்கோட்டை. சுவாமிமலைப் பயிற்சி முடிந்து வந்தால் அன்றைக்குக் கும்பகோணம் டிகிரி காப்பியின் மணம்தான் அவர்கள் மேல் அடிக்கும்.

சனிக்கிழமை தோறும் ஒரு வீட்டில் பஜனை. பஜனை ஏழு மணி என்றால் எட்டரைக்குத் தொடங்கும். சாப்பாடு ஒன்பது என்றால் எட்டே முக்காலுக்கே இலை போட்டிருக்கும். முதல் சனிக்கிழமை ஒரு வீட்டில் சுண்டலும் பானகமும் கொடுப்பார்கள். அடுத்த வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? கேசரி சேரும். அதற்கடுத்தது சர்க்கரைப் பொங்கல், வடை. மார்கழி பிறப்பதற்குள் அது கல்யாண விருந்தாகி, விரதமிருக்கிறவர்கள் எடை கூடிப்போவார்கள். கடைசியில் படிபூஜை. திருவையாற்றுப் படுகையிலிருந்து வாழை வந்து இறங்கும். தண்டை வெட்டிப் பதினெட்டுப் படி கட்டி, படிக்கொரு விளக்கு. கூடத்தில் ஆண்கள் சரணம் விளிக்க, அடுக்களையில் நாங்கள் தேங்காய் துருவிக்கொண்டே பேசுவோம் பாருங்கள், அதுதான் அசல் சபை. மருமகள் முதல் மாட்டு லோன் வரை அங்கே தீர்ப்பாகாத விஷயம் இல்லை. கூடத்துக்காரர்கள் அதில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வருஷமே மலைக்குப் போவதை நிறுத்தியிருப்பார்கள்.

சாப்பாட்டுக்கும் தாம்பூலத்துக்கும் நடுவில் குருசாமி கதை சொல்வார். 1950ல் மலைக்கோயில் தீப்பிடித்தது. அதன்பிறகு இப்போதிருக்கும் ஐம்பொன் விக்கிரகத்தைச் செய்து கொடுத்தவர் நீதிக்கட்சித் தலைவர் பி.டி.ராஜன். “கட்சி வேற, சாமி வேற” என்பார் குருசாமி, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்புச்சட்டைக்காரர் பேரனைப் பார்த்துக்கொண்டே. பிறகு நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை வருவார். அவருடைய ஐயப்பன் நாடகம் ஊர் ஊராக நடந்துதான் தமிழ்நாட்டுக்காரர்கள் அந்தக் காட்டுக்கோயிலுக்கு வழி கேட்க ஆரம்பித்தார்கள். அந்த நாடகக் குழுவில் பையனாகச் சேர்ந்தவர்தான் எம்.என்.நம்பியார். திரையில் எம்.ஜி.ஆரைக் கையைப் பிசைந்துகொண்டே படுத்தியெடுத்த அந்த மனுஷன் நிஜத்தில் பெரிய குருசாமி. படத்தில் அவரைக் கண்டால் மண்ணை வாரித் தூற்றிய என் மாமியார், இதைக் கேட்டதும் அடுத்த படத்திலிருந்து அவர் வரும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மண்ணும் தூற்றுவார்.

எனக்குப் பிடித்தது மாளிகைபுரத்து அம்மன் கதை. ஐயப்பனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவளிடம், “கன்னிசாமி ஒருவரும் வராத வருஷம் உன்னைக் கட்டிக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டார். முதல் தடவை வருகிற கன்னிசாமிகள் கொண்டுவரும் சரக்கோலைச் சரங்குத்தியில் குத்திவிட்டுப் போவது வழக்கம். அம்மன் வருஷா வருஷம் யானை மேல் ஊர்வலமாக அங்கே வந்து பார்ப்பாள். சரங்கள் குவிந்து கிடக்கும். திரும்பிப் போவாள். நடுத்தெருக் குழு ஒவ்வொரு கார்த்திகையும் இரண்டு கன்னிசாமியாவது தேடிப்பிடித்துச் சேர்த்துவிடும். அதில் ஒரு வருஷம் என் தம்பியும் உண்டு. ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதில் எங்கள் ஊருக்கும் பங்கு இருக்கிறது.

2018 கார்த்திகை மட்டும் வேறு மாதிரி. நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மறுநாள் மாலை போடும் நாள். கரண்ட் இல்லை, கம்பங்கள் வயலில் படுத்துக்கிடந்தன. ஓய்வு பெற்ற குருசாமி கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழைய சகாக்களோடு கம்பம் நடப் போய்விட்டார். குழுவில் ஒரத்தநாட்டுப் பக்கத்துச் சாமி ஒருவருக்கு அது பதினெட்டாவது மலை. பதினெட்டாம் வருஷம் தென்னங்கன்று சுமந்துபோய் மலையில் நடுவது வழக்கம். அவர் தோப்பில் ஒரு மரம் நிற்கவில்லை. கன்றுக்கு எங்கெங்கோ அலைந்து, ஒன்றை வாங்கி இருமுடியோடு சேர்த்துச் சுமந்துபோய் அங்கே நட்டுவிட்டு வந்தார். தன் தோப்புக்கு மறுகன்று வைத்தது அதற்குப் பிறகுதான். அந்த வருஷம் அடுக்களைச் சபையில் பேச்சு இல்லை.

அதே வருஷம்தான் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. டீக்கடையில் சண்டை, டிவியில் சண்டை. என்னிடமும் கேட்டார்கள். ஆண்கள் மலைக்குப் போகிற நாலு நாள்தான் வருஷத்தில் எனக்கு விடுமுறை. அதை விட்டுக்கொடுக்க மனசில்லை என்றேன். அதுவும் முழு விடுமுறை என்று சொல்ல முடியாது. மார்கழியில் சம்பா கதிர் விடும் சமயம், மழை வேறு பிடித்துக்கொள்ளும். பற்றெல்லாம் அறுத்து இருமுடி சுமந்தவர் பம்பையிலிருந்து போன் போடுவார்: “தண்ணி வடிஞ்சுதா? கீழ மடைய வெட்டிவிட்டியா? புகையான் தெரியுதா பாரு.” பின்னால் சரண கோஷம் கேட்கும்.

அம்பது தாண்டிய பிறகு போன வருஷம் நானும் மாளிகைபுரமாக, அதாவது மாலை போட்ட பெண்ணாக, கிளம்பினேன். விரதமும் எனக்கே, வேலையும் எனக்கே என்று 41 நாள் ஓடியது. வேனில் ஆண்கள், நான், குருசாமியின் அக்கா. திண்டுக்கல் தாண்டியதும் தூரத்தில் நீலமாக ஒன்று தெரிந்தது. மேகம் என்று நினைத்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் வேன் நின்றது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையோ என்று எட்டிப் பார்த்தால், எல்லாச் சாமிகளும் வரப்பில் இறங்கி யாரோ ஒருவர் வயலில் கதிரைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முல்லைப் பெரியாறு தண்ணீர், மேட்டூரைப் போல் காக்கவைப்பதில்லை என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். சாமி தரிசனத்துக்கு நேரம் பதிவுசெய்த சீட்டு கையில் இருக்கிறது. நெல் தரிசனம் முக்கால் மணி நேரம்.

எருமேலியில் பேட்டை துள்ளல். முகமெல்லாம் வர்ணம் பூசி, மர வாளைத் தூக்கிக்கொண்டு, வாவர் பள்ளிவாசலுக்குள் போய் விபூதி வாங்கிக்கொண்டு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் உள்பட அத்தனை பேரும் ஆடினார்கள். அதைப் பார்த்த பிறகு ஆண்களைப் பற்றி எனக்கு மிச்சமிருந்த பயமும் போயிற்று.

ஆனால் நான் அதிர்ந்தது அன்று சாயங்காலம். திடலில் வேனை நிறுத்தி அண்டாவை இறக்கினார்கள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தேன். “மாளிகைபுரம் உக்காருங்க, அது அவர் டிபார்ட்மெண்ட்” என்றார்கள். யார் என்று திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கத்தரிக்காயைக் காம்போடு நாலாகப் பிளந்து தண்ணீரில் போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டில் ரசம் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று என்னை எழுப்பிக் கேட்கிற மனுஷன். நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம் சிவக்கும் பதம் பார்த்து மணத்தக்காளி வற்றலைப் போட்டார். சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. ஆவியை முகர்ந்து உப்பு போட்டார். சரியாக இருந்தது. என் வத்தக்குழம்பைவிட ஒரு பிடி நன்றாகவே இருந்தது. அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

“எத்தனை வருஷமா?” என்று பக்கத்துச் சாமியைக் கேட்டேன். “நான் கன்னிசாமியா வந்தப்பவே இவர்தானே சமையல்! வீட்ல சொன்னதில்லையா?” சொன்னதில்லை. பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்ததும் அவர்தான்.

மலை ஏறியதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. நீலிமலை, அப்பாச்சிமேடு, சபரிபீடம், சரங்குத்தி. நாற்று நட்ட இடுப்புக்கு ஏற்றம் வலிக்கவில்லை. எங்கள் தலைமையாசிரியர் டோலியில் என்னைத் தாண்டிப் போனார், கண்ணை மூடிக்கொண்டு, தியானம் மாதிரி. பதினெட்டுப் படியில் போலீஸ்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்ட வேகத்தில் எட்டு வரைக்கும்தான் எண்ண முடிந்தது. சன்னிதியில் ஒரு கணம். என்ன வேண்டிக்கொள்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து, வத்தக்குழம்புதான் ஞாபகம் வந்தது.

ஊர் திரும்பி மாலையைக் கழற்றிய மறுநாள் காலை, கரண்டியை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது சாமி குடுத்த கை. மாலையக் கழட்டினா போயிடும்” என்றார், கண்ணில் துளிச் சிரிப்பில்லாமல்.

சரி என்று நேரே குருசாமி வீட்டுக்குப் போனேன். கார்த்திகையை விட்டால் மாலை போட முடியாதா என்று கேட்டேன். அவருக்கு விஷயம் தெரியாது. என் பக்தியைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். “தாராளமா போடலாமே! மலையாள மாசம் ஒவ்வொண்ணும் பொறந்தா அஞ்சு நாள் நடை திறப்பாங்க. விஷு உண்டு, ஓணம் உண்டு, பங்குனி உத்திரம் உண்டு.” விரதம்? “எந்த மாசம் போனாலும் 41 நாள் இருந்துடறது நல்லது.”

வீட்டுக்கு வந்து காலண்டரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நடை திறப்பது மாசா மாசம். விரதம் 41 நாள். மாலையைக் கழற்றவே இடமில்லை.