450 வாட் மாப்பிள்ளை

எங்கள் வீட்டு மிக்ஸி 750 வாட். அதை வாங்கிய அன்று கடையில் நான் நடத்திய வாதத்தை மைத்துனர் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "மூணு பேருக்குச் சட்னி அரைக்க 500 வாட் போதாதா?" என்பது என் கட்சி. "என்னைக்காவது ஒருநாள் உளுந்தைப் போட்டா நின்னுடும்" என்பது மனைவியின் கட்சி. அவள் கட்சிதான் ஆட்சியைப் பிடித்தது. ஒன்பது வருடமாக நான் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து சட்னி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் பையன் கம்ப்யூட்டருக்கு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்றான். இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். எதற்கு என்று கேட்டேன். "ரெண்டரிங்பா, படிப்புக்கு" என்றான். அந்தப் படிப்பில் இடைவிடாமல் துப்பாக்கி வெடிக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆர்டிஎக்ஸ் 3060 என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தலையைச் சொறிந்தபடி, "உள்ள கரண்ட் கொடுக்கற எஸ்எம்பிஎஸ்ஸையும் மாத்தணும்பா" என்றான்.

முப்பது வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவனிடம் இப்படி இரண்டாவது பில்லை நீட்டலாமா? கேபினெட்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே, கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ், நெற்றியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பிராசசர் 65. கார்டு 170. ஹார்ட் டிஸ்க், ஃபேன், இத்யாதி 50. மொத்தம் 285. "இன்னும் 165 மிச்சம்டா. இதுல ஒரு டிவியே ஓட்டலாம்."

"என்விடியாவே 550 வாட் வேணும்னு போட்டிருக்கான்பா."

"டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதறார். நாம நாலு நாளோட நிறுத்திக்கறதில்லையா?"

பையன் மறுபேச்சுப் பேசவில்லை. என் வெற்றிகளில் பெரும்பாலானவை இப்படி எதிராளி சலித்துப்போனதால் கிடைத்தவை.

கார்டு வந்தது. அதன் தலையில் எட்டுப் பின் கொண்ட ஒரு ஓட்டை. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட்டுக்கு மேல் தராது, மிச்சத்தை இந்த ஓட்டை வழியாகத்தான் ஊட்ட வேண்டுமாம். நம் சமர்த்திடம் அதற்கு ஏற்ற வயரே இல்லை. அதுவே ஒரு அபசகுனம் என்று இப்போது படுகிறது. அன்றைக்கு அது ஒரு சவாலாகப் பட்டது. ரிச்சி தெருவுக்குப் போய், பழைய மோலெக்ஸ் பிளக் இரண்டைச் சேர்த்து எட்டுப் பின் ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை நூறு ரூபாய்க்குள் வாங்கி வந்தேன். சில ஆயிரங்களை மிச்சம் பிடித்த பெருமிதத்தில் திரும்பும்போது ஆட்டோவில் வந்தேன்.

மாட்டினோம். ஓடியது. மெயில் பார்த்தால் ஓடியது, யூடியூப் பார்த்தால் ஓடியது. "பார்த்தியா?" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பையன் "படிக்க" உட்கார்ந்தான். முதல் துப்பாக்கி வெடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரை இருண்டு கம்ப்யூட்டர் தானே முதலிலிருந்து கிளம்பியது. மறுபடி வெடித்தான், மறுபடி இருண்டது.

நான் வரிசையாகச் சந்தேகப்பட்டேன். முதலில் ஈபி. பிறகு யுபிஎஸ். பிறகு விண்டோஸ். பிறகு பையனின் முழங்கை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் பிளக் பாயிண்ட்டை மாற்றி, 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, "இனிமே பிரச்சினை வராது சார்" என்றார். அவருக்கு வரவில்லைதான்.

அடுக்களையிலிருந்து வந்த மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதுக்கு அடியில சிவப்பு பட்டன் இருக்கான்னு பாருங்க. மிக்ஸியில ரொம்பப் போட்டா அதுவே நின்னுக்கும், பட்டனை அமுக்கினாத்தான் ஓடும்" என்றாள்.

நான் சிரித்தேன். அடக்கமாகச் சிரித்திருக்கலாம்.

அன்று இரவு கம்ப்யூட்டர் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை. பையன் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திறந்தான். கன்வெர்ட்டரின் மஞ்சள் வயர் லேசாகப் பழுத்திருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பெரிய எழுத்தை விட்டுட்டு, சின்ன எழுத்தைப் படிப்பா" என்றான். கண்ணாடியை எடுத்து வந்தேன்.

கல்யாணத் தரகர் மாப்பிள்ளைக்கு மாதம் ஒன்றரை லட்சம் என்பார். போய் விசாரித்தால் அதில் தாத்தாவின் பென்ஷன், தென்னந்தோப்புக் குத்தகை எல்லாம் சேர்ந்திருக்கும். இங்கேயும் அதே கதை. 3.3 வோல்ட்டுக்கு ஒரு வரி, 5 வோல்ட்டுக்கு ஒரு வரி, 12 வோல்ட்டுக்கு ஒரு வரி. இப்போதைய பிராசசரும் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டைத்தான் தின்கின்றன. பென்டியம் 4 வந்த 2000-க்கு முன்னால் மற்ற வரிகளுக்கு மரியாதை இருந்ததாம். இப்போது அவை தாத்தா பென்ஷன். நம் மாப்பிள்ளையின் 12 வோல்ட் வரியில் இருந்தது 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். எல்லா வரியையும் கூட்டிப் பார்த்தேன். 370-ஐ ஒட்டித்தான் வந்தது. மிச்சம் 80 தரகரின் கற்பனை.

192 வரவு. பிராசசருக்கும் கார்டுக்கும் மட்டும் 235 செலவு. எங்கள் ஐ5-10400 பிராசசருக்கு 65 என்பது சாதாரண நாள் சாப்பாடு, விரட்டினால் கொஞ்ச நேரத்துக்கு 134 வரை சாப்பிடும் என்று பையன் அப்போதுதான் சொன்னான். கார்டும் கண் இமைப்பதற்குள் 170-ஐத் தாண்டிக் குதித்துவிட்டு வருமாம். முப்பது வருடக் கணக்குப் பிரிவு அனுபவம் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்தது.

மறுபடி ரிச்சி தெரு. கடைக்காரர் நான் கொண்டுபோன சமர்த்தை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் கொடுத்தார். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பழையது பொரி உருண்டை கனம்தான் இருந்தது. "ஓவர்லோடு சார். தாங்காதப்போ அதுவே கட் ஆயிடும்" என்றார். சிவப்பு பட்டன்! நான் பையனைப் பார்க்கவில்லை. பையன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

550 போதும், எதற்கும் 650 எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கரண்ட் பில் எகிறுமே என்றேன். "மொட்டை மாடியில ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்குன்னு நாம தினம் ஆயிரம் லிட்டர்லயா குளிக்கறோம்? தேவையானதைத்தான் இழுக்கும்" என்றான் பையன். பெட்டியில் '80 ப்ளஸ் ப்ரான்ஸ்', அதாவது வெண்கலம், என்றிருந்தது. மூன்றாம் பரிசு வாங்கியதை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டேன். அது மெடல் இல்லையாம், சிக்கனக் கணக்காம். உள்ளே 300 வாட் கொடுக்க, சுவரிலிருந்து சுமார் 350 வாங்கும், மிச்சம் சூடாகப் போகும். தங்கம் என்றால் சூடு இன்னும் குறைவு. தங்கத்தின் விலையைக் கேட்டேன். தங்கம் எங்கேயும் தங்கம்தான். வெண்கலத்தோடு திரும்பினோம்.

இம்முறை பெட்டியை வாங்குவதற்கு முன்பே சின்ன எழுத்தைப் படித்துவிட்டேன். 12 வோல்ட்டில் 54 ஆம்பியர், 648 வாட். சம்பளம் முழுக்க மாப்பிள்ளையுடையதே. இப்போது வீட்டில் துப்பாக்கிச் சத்தம் ஓய்வதில்லை.

எனக்குத்தான் பழக்கம் விடவில்லை. ஃபேன், அயர்ன் பாக்ஸ், பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் என்று எதைப் பார்த்தாலும் சின்ன எழுத்தைத் தேடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த 750 உண்மையிலேயே 750தானா என்று ஒரு சந்தேகம். மிக்ஸியைத் தூக்கிச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தேன். சிவப்பு பட்டன் இருந்தது, பக்கத்தில் சின்ன எழுத்தும் இருந்தது. பாதி படிக்கும்போதுதான், மேலே ஜார் இருப்பதும் அதை மூடவில்லை என்பதும் கால் வழியாகத் தெரிந்தது.

அன்று இட்லிக்குப் பொடிதான்.