யானைக்குப் பட்டு வேட்டி

கேள்வி: பேத்தியின் வண்ணம் தீட்டும் புத்தகத்தில் யானைக்குப் பட்டு வேட்டி கட்டி, முயலுக்கு முறுக்கு மீசை வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். வயசுக்குத் தகுந்த வேலையா இது?
– ஒரு வாசகி, செய்யாறு

பதில்: நெசவுச் சீமையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா அம்மா? ஆரணிப் பட்டுக்கு டிசைன் போட்டவர் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் அடைத்துத்தானே மயில் வரைந்தார்! அடைத்த கட்டத்துக்குத் தறியில் மாட்டும் அட்டையில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குத் தறியில் இழை எழும்பும். நாலு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணிவிடும். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். சிங்க உடம்பில் துதிக்கை வைத்த யாளியும், ஓர் உடம்பில் இரண்டு தலை வைத்த பட்சியும் எந்தக் குழந்தை கேட்டு வந்தவை? எல்லாம் பெரியவர்கள் கைவண்ணம். கல்யாணப் புடவைக் கரையில் ஜம்மென்று நடக்கின்றன, யாரும் திட்டுவதில்லை!

வண்ணம் தீட்டும் புத்தகமும் குழந்தைகளுக்கு மட்டும் அல்ல. 1961-இல் அமெரிக்காவில் மூன்று பேர் சேர்ந்து பெரியவர்களுக்காக ‘எக்ஸிகியூட்டிவ் கலரிங் புக்’ போட்டார்கள். குழந்தைப் புத்தகம் மாதிரியே இருக்கும். உள்ளே கோட்டு சூட்டு அதிகாரியின் ஒரு நாள். அவர் சூட்டுக்குச் சாம்பல் நிறம்தான் அடிக்க வேண்டும், இல்லையேல் வேலை போய்விடும்! அடுத்த ஆண்டே அன்றைய ஜனாதிபதி கென்னடியை வைத்தும் இப்படி ஒரு புத்தகம் வந்தது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: பேத்தியின் புத்தகம் பேத்திக்கே சொந்தம். தாத்தாவுக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். திருஞானசம்பந்தர் தேவாரம் பாடி ஆண் பனை குலை ஈன்ற ஊர் உங்களுடையது. அங்கே முயல் மீசை முறுக்கினால் என்ன!